சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள்

மாரி மழை பிடித்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி சளி, இருமல், இழுப்பு என்றுதான் இருக்கும். இந்த மாதமும் அப்படியே. சிறுவர் வோர்ட்டில் தாதியாக நின்று ஓய்வு பெற்றவள் நான். மழைக்காலத்தில் அந்த வோர்ட் எப்படி நிரம்பும் என்று தெரிந்ததால், இந்த முறை நெஞ்சுச்சளிக் கேள்விகளுக்கு மட்டும் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் குறை நினைக்காதீர்கள், அடுத்த மாதம் பதில் வரும்.

*

கேள்வி: என் மகனுக்கு 5 மாதம். மூன்று நாளாக மூக்கு வடிகிறது, இருமுகிறான், நெஞ்சு கர்கர் என்கிறது. டொக்டரிடம் காட்டினோம். "வைரஸ் சளிதான், அன்ரிபயோட்டிக் தேவையில்லை" என்று சொல்லி மூக்குக்கு விடும் துளி மருந்து மட்டும் தந்தார். இன்றைக்கு முன்னையைவிடக் கூடியிருக்கிறது. வேறு டொக்டரிடம் போய் அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கட்டுமா?
– இளம் தாய், குருக்கள்மடம்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது புரொங்கியோலைட்டிஸ் என்ற வருத்தம் போலத் தெரிகிறது. 2 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, அதிலும் முதல் ஆறு மாதத்தில்தான் இது கூடுதலாக வரும். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து, நுரையீரலின் உள்ளே போகப் போக மிகச் சிறுத்துவிடும். அந்தக் கடைசிக் கிளைகள் வீங்கிச் சளி அடைப்பதுதான் இந்த வருத்தம். பெரியவர்களின் குழாயில் அந்த வீக்கம் ஒரு பொருட்டே இல்லை. உங்கள் மகனின் குழாய் மிகச் சின்னது. கொஞ்சம் வீங்கினாலே காற்றுப் போக இடம் போதாது.

பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்தான் இதற்குக் காரணம். அன்ரிபயோட்டிக் பக்ரீரியாவைக் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. ஆகவே டொக்டர் மருந்து தராமல் விட்டது கவனக்குறைவு இல்லை. அந்த வருத்தத்துக்குச் செய்ய வேண்டியதையே செய்திருக்கிறார்.

இன்றைக்கு ஏன் கூடியது என்பதையும் சொல்கிறேன். இந்த வருத்தத்துக்கு ஒரு போக்கு உண்டு. முதல் இரண்டு நாள் வெறும் தடிமன் மாதிரி மூக்கு வடியும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை உச்சத்துக்குப் போகும். அப்புறம் மெல்ல இறங்கும். இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமைக்கு இழுபடும். நீங்கள் இப்போது உச்சத்தில் நிற்கிறீர்கள். இந்த மூன்று நாளும் பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? இங்கேதான் பெரும்பாலான தாய்மார் திசைமாறிப் போகிறார்கள். இருமல் சத்தத்தையும் நெஞ்சின் கர்கர் சத்தத்தையும் கேட்டுப் பயப்படுவார்கள். சத்தம் போட்டு இருமி, இடையில் சிரித்துப் பால் குடிக்கிற பிள்ளை பெரும்பாலும் பிழைக்கப் போகிற பிள்ளை. சத்தமே இல்லாமல், சோர்ந்து, விறுவிறு என்று மூச்சு வாங்குகிற பிள்ளையைப் பார்த்தால்தான் நாங்கள் வோர்ட்டில் ஓடுவோம். எனவே காதை விடுங்கள், கண்ணால் பாருங்கள்.

பிள்ளை நித்திரையாக இருக்கும்போது, அல்லது மடியில் அமைதியாக இருக்கும்போது, சட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்குங்கள். வெளிச்சம் இருக்கட்டும். அழும்போதோ பால் குடிக்கும்போதோ பார்த்தால் கணக்குப் பிழைக்கும். போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு வயிறும் நெஞ்சும் ஒருமுறை ஏறி இறங்குவதை ஒன்று என்று எண்ணுங்கள். முழு நிமிடமும் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தை சில விநாடி வேகமாகவும் சில விநாடி மெதுவாகவும் மூச்சு விடும்.

2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயதாகும் வரை 50, ஒரு வயதிலிருந்து 5 வயது வரை 40. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகள் இவை. அந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுத்தான். உங்கள் மகனுக்கு எல்லை 50. காய்ச்சல் இருந்தாலும் மூச்சு வேகமாகும். காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொரு தடவை எண்ணிப் பாருங்கள். அப்போதும் 50க்குக் குறையாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

எண்ணும்போதே கீழ் விலாவையும் பாருங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சு வெளியே எழும்ப வேண்டும். அதற்கு மாறாக விலா எலும்புக்குக் கீழே உள்ளே இழுத்துக் குழி விழுந்தால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் சரி, காத்திருக்கக் கூடாது. மூக்குச் சிறகு விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது, உதடும் நாக்கும் நீலம் பாரிப்பது, இடையில் மூச்சு நின்று நின்று வருவது, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பது, வலிப்பு, குடித்ததையெல்லாம் சத்தி எடுப்பது, பாலே குடிக்க ஏலாமல் போவது: இதில் ஒன்று இருந்தாலும் இரவோ பகலோ பாராமல் வெளிக்கிடுங்கள். வழமையாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்கவில்லை, அரை நாளாகச் சிறுநீர் போகவில்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும். பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்திருந்தாலோ, இருதயத்தில் கோளாறு இருந்தாலோ, 2 மாதத்துக்குக் குறைந்ததாக இருந்தாலோ இந்த அடையாளங்கள் வரும் வரை காத்திருக்காதீர்கள். முதலிலேயே காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அதுவே போதும். கைக்குழந்தை மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கு அடைத்தால் பாலும் குடிக்க முடியாது. பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டொக்டர் தந்த உப்புத்தண்ணித் துளியை ஒவ்வொரு துவாரத்திலும் விட்டு, வெளியே வருகிற சளியை மெல்லிய துணியால் துடைத்து விடுங்கள். அப்புறம் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லி வைக்கிறேன். வோர்ட்டில் நிறுத்தினால் மூக்கில் குழாய் வைத்து ஒட்சிசன் கொடுப்பார்கள். அதைக் கண்டதும் "கடைசி நேரத்துக்குத்தானே இது வைப்பது" என்று தலையில் அடித்து அழுத தாய்மாரை நான் எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறேன். பெரியவர்களுக்கு அப்படிப் பார்த்த பழக்கம். இந்த வருத்தத்துக்கு உள்ள மருந்தே ஒட்சிசன்தான். தேவைப்பட்டால் சின்னக் குழாய் வழியாகப் பாலும் கொடுப்பார்கள். பிள்ளை களைப்பு ஆறியதும் இரண்டையும் கழற்றிவிடுவார்கள்.

*

கேள்வி: நான் ஒன்பது பிள்ளை பெற்று வளர்த்தவள். எங்கட காலத்தில் சளி என்றால் நாக்கில் தேன் தடவுவோம், மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவோம், கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை நெஞ்சில் பூசுவோம். பேத்திக்கு இப்ப 8 மாதம். மருமகள் ஒன்றையும் செய்ய விடுகிறாள் இல்லை. நான் செய்தது எல்லாம் பிழையா?
– ஓர் உம்மம்மா, நிந்தவூர்

பதில்: உம்மா, ஒன்பது பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய கையை யார் குறை சொல்வது? நீங்கள் எழுதிய மூன்றிலும் மருமகளின் பக்கம்தான் நான் நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தேனில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களின் குடலில் அது முளைக்காது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சை விட்டால் கைகால் சோர்ந்து, மூச்சுத் தசைகூட வேலை செய்யாமல் போகும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரிய ஆபத்து. காய்ச்சினாலும் அந்த வித்துச் சாகாது. பேத்திக்கு ஒரு வயது முடியட்டும். அதற்குப் பிறகு இராத்திரி படுக்கும்போது அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள், இருமலுக்கு உண்மையிலேயே சுகம் தரும்.

மூக்கில் விடும் எண்ணெய் மூக்கோடு நிற்பதில்லை. தண்ணீர் இறங்கினால் பிள்ளை புரைக்கேறி இருமித் தள்ளிவிடும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். அதுவும் ஒருவகை நிமோனியாதான், அன்ரிபயோட்டிக்குக்கு மாறாது. கற்பூரம் தோலாலும் மூச்சாலும் உடம்பில் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரக்கூடியது. 2 வயது ஆகும் வரை விக்ஸும் கோடாலித் தைலமும் இதே கணக்கில்தான்.

கொதிதண்ணிச் சட்டிக்கு மேலே பிள்ளையைப் பிடித்து ஆவி காட்டுவதையும் விட்டுவிடுங்கள். அதில் வெந்துபோய் வந்த பிள்ளைகளின் புண்ணுக்கு மருந்து கட்டியவள் நான். அந்த அழுகையை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் கைக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். இளஞ்சூட்டுத் தண்ணியில் உடம்பைத் துடைப்பது, நிமிர்த்தித் தோளில் போட்டு வைத்திருப்பது, கஞ்சியைக் குழையக் காய்ச்சிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீத்துவது, தாய் நித்திரை கொள்ளும்போது பிள்ளையின் மூச்சைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்று எவ்வளவோ இருக்கிறது. மேலே 50 என்று ஓர் எண் சொன்னேனே, அதைப் பேத்திக்கு எண்ணிப் பழகுங்கள். ஓதி ஊதுவதையும் நாவூறு பார்ப்பதையும் நான் தடுக்க மாட்டேன். ஆனால் விலா உள்ளே இழுக்கிற பிள்ளையை அதற்காகக் காக்க வைக்காதீர்கள். முதலில் வைத்தியசாலை, மற்றது வந்த பிறகு.

*

கேள்வி: மகனுக்கு 3 வயது. இந்த ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை நிமோனியா என்று வோர்ட்டில் நிறுத்தினார்கள். இப்போது திரும்பவும் இருமல். மழையில் நனைவதால் வருகிறதா? ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா? நாங்கள் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை. வெள்ளம் வந்தால் ரோட்டு மூடிவிடும். வீடு ஓர் அறைதான், அதற்குள்ளேதான் விறகடுப்பு. வயல்வேலை.
– ஒரு தகப்பன், மண்டூர்ப் பக்கம்

பதில்: தம்பி, இந்த மாதம் வந்ததில் என்னைக் கூடுதலாக யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான்.

மழைத்தண்ணி நிமோனியாவைக் கொண்டுவருவதில்லை. மழைக்குக் கதவு யன்னலைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் ஓர் அறைக்குள் அடைந்து கிடக்கிறோம். ஒருவருக்கு வந்த தடிமன் எல்லாருக்கும் போகிறது. அதே அறைக்குள் ஈர விறகு புகைகிறது. புகை மூச்சுக்குழாயின் உட்தோலைக் கெடுத்து, சளியை மேலே தள்ளுகிற வேலையை மந்தமாக்கும். கிருமி தங்குவதற்கு இடம் கிடைத்துவிடும். விறகடுப்பை வெளிக்கோடிக்குக் கொண்டுபோய், மேலே இரண்டு தகரம் போட்டுக்கொண்டாலே பெரிய வித்தியாசம் தெரியும். அது இப்போதைக்குச் சரிவராது என்றால், சமைக்கும் நேரம் மட்டுமாவது மகன் அந்த அறைக்குள் இருக்க வேண்டாம். நீங்கள் பீடியோ சுருட்டோ பிடிப்பவராக இருந்தால் வீட்டுக்குள் பிடிக்காதீர்கள். நுளம்புச்சுருளுக்குப் பதிலாக வலை கட்டுங்கள். அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கும் நாட்களில் பிள்ளையை வயல் பக்கம் கூட்டிப்போக வேண்டாம்.

நிமோனியாவில் நுரையீரலின் காற்றுப்பைகளுக்குள் நீரும் சீழும் நிறைகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் காற்று இல்லை. அதனால்தான் மூச்சு வேகமாகிறது. கடுமை இல்லாத நிமோனியாவுக்கு வாயால் கொடுக்கும் அமொக்சிசிலின்தான் முதல் மருந்து. ஒட்சிசன் தேவைப்பட்டால், குடிக்க ஏலாவிட்டால், வோர்ட்டில் நிறுத்தி ஊசி ஏற்றுவார்கள். எக்ஸ்ரே எல்லாப் பிள்ளைக்கும் தேவையில்லை. மூச்சை எண்ணி, நெஞ்சைக் கேட்டே டொக்டர்மார் தீர்மானித்துவிடுவார்கள். வருத்தம் மாறிய பிறகும் எக்ஸ்ரேயில் நிழல் சில கிழமைக்கு நிற்கும். அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம்.

ஆனால் உங்கள் மகனுக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை வந்திருக்கிறது. இதை "சளி உடம்பு" என்று விடக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது வோர்ட்டில் தந்த துண்டுகள், எக்ஸ்ரேப் படங்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

ஒன்று, இது முட்டு வருத்தமா, அதாவது ஆஸ்துமாவா? இராத்திரியில், விடியப்புறத்தில் இருமல் கூடுகிறதா, ஓடி விளையாடினால் இழுக்கிறதா, உங்களுக்கோ மனைவிக்கோ முட்டு உண்டா என்று யோசித்துப் பாருங்கள். நிமோனியா என்று நினைக்கிற சில பிள்ளைகளுக்கு உண்மையில் இருப்பது முட்டுத்தான். அதற்கு ஸ்பேசர் என்ற குடுவையோடு இன்ஹேலர் (பம்ப்) தருவார்கள். பம்ப் பழகிவிடும் என்று ஊரில் கதைப்பதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதில் போகிற மருந்தின் அளவு மிகச் சிறிது, நேரே நெஞ்சுக்குப் போகிறது.

இரண்டு, இரண்டு தடவையும் ஒரே பக்க நுரையீரலிலா வந்தது? அப்படியென்றால் நினைவுபடுத்திப் பாருங்கள், எப்போதாவது கச்சான் கொட்டையோ கடலையோ சாப்பிடும்போது திடீரென்று புரையேறி, முகம் சிவந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டானா? கச்சான் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் முதலில் இருமல் வந்து அடங்கிவிடும். வீட்டார் மறந்தும் போவார்கள். அது உள்ளே கிடந்து அந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நிமோனியாவைக் கொண்டுவரும். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். இனி 5 வயது வரைக்கும் கச்சானை முழுதாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்று, வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது நாட்பட்ட இருமல், காசநோய் மருந்து எடுத்த வரலாறு உண்டா என்று பாருங்கள்.

வெள்ளம்தான் என் பெரிய கவலை. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்ல வசதி உண்டு. உங்களுக்கு இல்லை. உங்கள் மகனுக்கு எல்லை 40. பகலில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை எண்ணுங்கள். 35, 38 என்று ஏறிக்கொண்டு போகிறது, மழையும் விடவில்லை என்றால் இருட்டுவதற்குள் முடிவெடுங்கள். எழுவான்கரையில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் தாயையும் பிள்ளையையும் இரண்டு நாள் அங்கே விடுங்கள். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை அங்கிருந்து கிட்ட. இரவில் அவசரமென்றால் 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கிடையாது. வாகனம் வர ஏலாத இடம் என்றால் எந்தச் சந்தி வரைக்கும் வரலாம் என்று அவர்களிடமே கேட்டு, பிள்ளையை அங்கே கொண்டுபோங்கள். போனில் சார்ஜ் இருக்கட்டும்.

*

கேள்வி: மூத்தவளுக்குத் தந்த அன்ரிபயோட்டிக் சிரப் அரைப் போத்தல் மிச்சம் இருக்கிறது. சின்னவனுக்கும் அதே மாதிரி இருமல். கொடுக்கலாமா?
– அக்கரைப்பற்று வாசகி

பதில்: வேண்டாம் மகள். தூளில் தண்ணி விட்டுக் கரைக்கிற சிரப் கரைத்த நாளிலிருந்து ஒரு கிழமை, சிலது இரண்டு கிழமைதான் நிற்கும். போத்தலில் போட்டிருக்கும். அளவும் பிள்ளையின் நிறைக்குத்தான், மூத்தவளுக்குச் சொன்ன அளவு சின்னவனுக்குப் பொருந்தாது. மூத்தவளின் மருந்து ஏன் மிஞ்சியது என்றும் யோசியுங்கள். காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருந்தால், அடுத்த தடவை சொன்ன நாள் முழுக்கக் கொடுத்து முடியுங்கள். 6 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பும் தேவையில்லை. நித்திரையாக்குமே தவிர வருத்தத்தை மாற்றாது.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். ஒரு கிலோ நிறைக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் போகக் கூடாது. மாரியில் டெங்கும் சேர்ந்து வரும். ஆகவே புரூபன் (ஐபுபுரோஃபன்) போன்ற மருந்துகளைக் கையாலும் தொடாதீர்கள். காய்ச்சல் மூன்றாம் நாளும் நின்றால் இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

*

கேள்வி: கொரோனாக் காலத்தில் வாங்கிய விரலில் மாட்டும் ஒட்சிசன் கிளிப் இருக்கிறது. அதில் 97 காட்டினால் குழந்தைக்குப் பயமில்லைதானே?
– செங்கலடி வாசகர்

பதில்: அது பெரியவர்களின் விரலுக்குச் செய்தது. கைக்குழந்தையின் விரலில் சரியாகப் பிடிக்காது, கால் ஆட்டினால் எண் மாறும். வோர்ட்டில் பாதத்தைச் சுற்றி ஒட்டுகிற வேறு வகை இருக்கிறது. 90க்குக் கீழே இறங்கினால் ஒட்சிசன் கட்டாயம் என்பது அந்தக் கருவியால் பார்க்கும் கணக்கு. நல்ல எண் காட்டினாலும் விலா குழி விழுந்தால் விலாவைத்தான் நம்ப வேண்டும்.

*

கேள்வி: தடுப்பூசி எல்லாம் போட்டால் நிமோனியா வராதா? எனக்கே தடிமன் காய்ச்சல், 2 மாதப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா?
– வாழைச்சேனைத் தாய்

பதில்: 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 5 வயதுக்குட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் பிள்ளைகளை நிமோனியா கொண்டுபோயிருக்கிறது. தடுப்பூசி அதில் ஒரு பங்கைத் தடுக்கும். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து கூட்டு ஊசி 2008இல் நம் நாட்டுக்கு வந்தது. நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் தருகிற ஹிப் கிருமிக்கு எதிரான மருந்தும் அதில் சேர்ந்திருக்கிறது. குக்கல் என்ற கக்குவான் இருமலுக்கு எதிரான மருந்தும் அதில் அடங்கும். சின்னமுத்து (தட்டம்மை) வந்த பிள்ளைக்குப் பின்னாலேயே நிமோனியா வருவது வழக்கம், அதனால் 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் ஊசியைத் தவற விடாதீர்கள். உங்கள் பிள்ளைக்கு இப்போது முதல் ஊசிக்குரிய நேரம். பதிவேட்டைக் கொண்டுபோய் மிட்வைஃபிடம் திகதியைக் கேளுங்கள். சாதாரணத் தடிமனுக்காக ஊசியைப் பிற்போடத் தேவையில்லை.

பாலை நிறுத்தவே வேண்டாம். உங்கள் உடம்பு இந்தக் கிருமிக்கு எதிராகச் செய்கிற சத்துப் பால் வழியாகத்தான் பிள்ளைக்குப் போகும். பால்மா கொடுத்தால் அது கிடைக்காது. சோப் போட்டுக் கை கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவதை நாலைந்து நாளைக்கு ஒத்திப்போடுங்கள். பார்க்க வருகிறவர்களில் தடிமன் உள்ளவர் யாராக இருந்தாலும் வாசலோடு கதைத்து அனுப்புங்கள், மாமியார் கோபித்தாலும் பரவாயில்லை. பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 50 தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள்.